கற்பவர்க்கு வழிபாடு தருவது யாது?

(ஆனித் திருமஞ்சனப் பெருவிழாவின் மூன்றாம் நாள் இரவு நிகழ்த்திய சொற்பொழிவின் கட்டுரை வடிவம்)



ஆனித் திங்கள் பிறந்துவிட்டால் நம் திருக்கோயில்களில் இருவகைக் கூட்டத்தைக் காணலாம். கூத்தப் பெருமானின் திருமஞ்சனங் கண்டு உய்ய வருவோர் ஒரு வகையினர். கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இடம் தேடும் பிள்ளைகளும், தேர்வு முடிவை எதிர்நோக்கியிருக்கும் மாணாக்கரும், அவர்தம் பெற்றோரும் மற்றொரு வகையினர். பிள்ளையார் திருமுன்பு சிதறு தேங்காய் உடைபட்ட வண்ணம் இருக்கும். தென்முகக் கடவுளுக்குக் கொண்டைக்கடலை மாலை குவிந்திருக்கும். எழுதுகோலையும் தேர்வுச் சீட்டையும் பெருமான் திருவடியில் வைத்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகளைக் காணும்போது நம் நெஞ்சு குளிர்கின்றது. அதே வேளையில் ஒரு வினாவும் எழுகின்றது. வழிபடும் மாணாக்கனுக்குக் கல்வியில் அதனால் விளையும் பயன் யாது? இன்று அடியேன் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் தகாது. பல ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊர்க் கோயிலில், தேர்வுக் காலத்தில், இது போன்றதொரு மேடையில் அமர்ந்து அடியேன் பேசினேன். கூட்டம் மகிழவேண்டும் என்னும் ஆர்வத்தால், “48 நாள் பிள்ளையாரை 108 முறை வலம் வந்து விளக்கேற்றுங்கள், தேர்வில் வெற்றி உறுதி” என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் இருந்த ஒரு மாணாக்கன் அச்சொல்லை வேதவாக்காகக் கொண்டான். எளிய குடும்பத்துப் பிள்ளை. அக்குடியில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பிள்ளை. ஒரு நாளும் தவறாமல் 48 நாளும் வலம் வந்தான். தேர்வில் இரண்டு பாடங்களில் தவறினான். அடுத்த ஆண்டு அவ்வூருக்குச் சென்றபோது அவன் தாயார் என்னிடம் வந்து, “ஐயா, என் பிள்ளை திருநீறு இடுவதையே விட்டுவிட்டான்” என்று கண்ணீர் விட்டார். பிள்ளையை அழைத்துப் பேசினேன். அவன் கேட்டது ஒன்றே: “ஐயா, நான் செய்த வழிபாட்டில் குறையா? அல்லது பிள்ளையாருக்கு என்மேல் இரக்கம் இல்லையா?”

அன்று அடியேனிடம் விடை இல்லை. ஆசிரியரிடம் முறையாகப் பாடங் கேட்ட சாத்திரங்களும் தோத்திரங்களும் நாவில் இருந்தன. அப்பிள்ளைக்குச் சொல்ல ஒரு சொல் இல்லை. அன்று தொடங்கி, நம் முன்னோர் வரலாற்றில் கல்வியும் வழிபாடும் எவ்வாறு கூடி நின்றன என்று தேடிப் பார்க்கலானேன். அத்தேடலில் கண்டவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

நம்பிக்குப் பிள்ளையார் கற்பித்தது

மாணாக்கனையும் வழிபாட்டையும் ஒருசேர நினைக்கும்போது சைவர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுபவர் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி. அவர் வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஆதிசைவ மரபிற் பிறந்த சிறுவர். ஊருக்குச் சென்ற தந்தையார், பொள்ளாப் பிள்ளையாருக்குத் திருவமுது படைக்கும் பணியை மகனிடம் ஒப்படைத்தார். பிள்ளை அமுதைப் படைத்து, “உண்பீராக” என்று வேண்டினார். உண்ணக் காணாமையால் தலையை முட்டிக்கொள்ளத் தொடங்கினார். பெருமான் தடுத்தருளி அமுது கொண்டார். இவ்வளவில் பள்ளிக்குச் செல்லும் நேரம் தவறிவிட்டது. “இனிச் சென்றால் ஆசிரியர் அடிப்பார், நீரே எனக்குக் கற்பிக்கவேண்டும்” என்று நம்பி வேண்டினார். பிள்ளையார் கற்பித்தருளினார்.

இக்கதையை இவ்வளவோடு நிறுத்திவிட்டு, “அமுது படைத்தார், கல்வி கிடைத்தது” என்று சொல்லிவிடுவது நம்மில் பலர்க்கு வழக்கமாயிற்று. அடியேனும் அவ்வாறு சொன்னவனே. ஆயின் புராணம் அங்கே நிற்கவில்லை. அதன்பின் நம்பி செய்தது என்ன என்று அது விரித்துரைக்கின்றது.

அபயகுலசேகரன் என்று புராணம் குறிக்கும் சோழ மன்னனை, 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன் என்று கொள்வோர் பலர். அம்மன்னன் மூவர் பதிகங்களைத் தேடித் தருமாறு நம்பியை வேண்டினான். தில்லையில் அம்பலத்தின் மேல்பால் ஓர் அறையில் ஏடுகள் இருப்பதைப் பிள்ளையார் உணர்த்தினார். அறையைத் திறந்து பார்த்தால் ஏடுகளைப் புற்று மூடிக் கிடந்தது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்துப் பார்த்தபோது பெரும்பகுதி செல்லரித்து அழிந்திருந்தது. எஞ்சியவற்றை எடுத்து, பிரித்து, அடுக்கி, திருமுறைகளாக வகுத்தவர் நம்பி. பாடல்களுக்குப் பண் தெரியவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கண்டு, அவர்வழிப் பண்முறை வகுப்பித்தனர் என்றும் புராணம் கூறும். திருத்தொண்டர் திருவந்தாதியை அருளிச் சேக்கிழார் பெருமானுக்கு வழி வகுத்தவரும் அவரே.

அன்பர்கள் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். கற்பித்தவர் பிள்ளையார். அவர் நினைத்திருந்தால் அழிந்த ஏடுகளை அழியாதனவாகச் செய்து நம்பியின் கையில் தந்திருக்கலாம் அன்றோ? அவ்வாறு செய்யவில்லை. ஏடு இருக்கும் இடத்தைக் காட்டினார். புற்றைக் கரைப்பதும், ஏட்டைப் பிரிப்பதும், பண் அறிந்தாரைத் தேடிச் செல்வதும் நம்பிக்கும் மன்னனுக்கும் உரிய உழைப்பாகவே விடப்பட்டன. அருள் வழியைக் காட்டும். நடப்பது அடியவன் கால். நம்பி வரலாறு கூறும் முதற் பாடம் இது.

கல்வியும் சமயமும் பிரிந்த காலம்

பழங்காலத்தில் இவ்வினாவே எழவில்லை. திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடி தொடங்கும்போதே பிள்ளையார் சுழியும் தொடங்கிற்று. திருமடங்களில் இலக்கணம் கற்றவனே சித்தாந்தமும் கற்றான். கல்வி வேறு, சமயம் வேறு என்னும் நிலை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. அதன் வரலாற்றை யாழ்ப்பாணத்தில் தெளிவாகக் காணலாம்.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விச் சாலையை நிறுவினர். அங்கே ஆங்கிலமும் கணிதமும் வானியலும் தமிழும் சிறப்பாகக் கற்பிக்கப்பெற்றன. அவர்கள் செய்த கல்விப் பணியைக் குறைத்துப் பேசுதல் நன்றியன்று. ஆயின் அத்தகைய சாலைகளில் கிறித்தவ சமய பாடம் கல்வியின் பகுதியாக இருந்தது. ஆங்கிலக் கல்வியும் அதனால் வரும் உத்தியோகமும் வேண்டிய சைவப் பிள்ளை, வீட்டில் ஒரு நெறியும் பள்ளியில் ஒரு நெறியுமாக இரண்டு பட்ட நெஞ்சோடு கற்கவேண்டியதாயிற்று. நாளடைவில், “திருநீறு வீட்டோடு, முன்னேற்றம் பள்ளியோடு” என்னும் எண்ணம் படித்தவர் நடுவே வேரூன்றிற்று.

அந்நிலையை மாற்றப் புறப்பட்டவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822இல் பிறந்த அவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். பார்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பிற் துணை நின்றார். 1847ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலையில், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார். இன்று அடியேன் போன்றோர் திருக்கோயில் மேடைகளில் பேசுவதற்கு அன்று அவர் வகுத்த பாதையே ஆதாரம். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே மிஷன் பாடசாலைப் பணியைத் துறந்தார். 1864இல் சிதம்பரத்திலும் அதே பெயரால் ஒரு வித்தியாசாலை கண்டார்.

அவ்வித்தியாசாலைக்கு அவர் எதனைக் கொண்டுவந்தார் என்று நோக்குவோம். பாலபாடங்கள், சைவ வினாவிடை, இலக்கண வினாவிடை, இலக்கணச் சுருக்கம் முதலிய நூல்களைத் தாமே எழுதித் தம் அச்சுக்கூடத்தில் பதிப்பித்தார். சமயம் கற்பிக்க நூல் எழுதியவர், இலக்கணம் கற்பிக்கவும் நூல் எழுதினார். “திருநீறு அணிந்தவனுக்கு இலக்கணப் பிழை பொறுக்கப்படும்” என்று அவர் எங்கும் சொன்னாரல்லர். மிஷன் பள்ளியில் தாம் கண்ட வகுப்பு முறையையும் ஒழுங்கையும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். 1872இல் ஆங்கிலமும் சைவமும் ஒருங்கு கற்பிக்க வண்ணார்பண்ணையில் ஒரு பாடசாலையையும் தொடங்கினார். அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆயினும் அவர் இட்ட வித்து, 1879இல் அவர் மறைந்த பின்னர் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக முளைத்தது. 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியாகக் கிளைத்தது. அக்கல்லூரி வளாகத்திலேயே பரமேசுவரன் ஆலயத்தையும் அவர் எழுப்பினார். 1974இல் அவ்விடத்திலேயே பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. இன்று அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். விரிவுரை மண்டபத்திற்குச் செல்லும் மாணாக்கர் கோயில் மணியோசையைக் கேட்டுக்கொண்டே செல்கின்றனர். இரண்டு பட்ட நெஞ்சை ஒன்றுபடுத்த ஓர் இனம் எடுத்துக்கொண்ட முயற்சியின் வரலாறு இது.

பட்டம் பெற்ற இருவர்

இம்முயற்சியின் பயனைக் காட்ட இருவரைச் சொல்வேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதன் முதற் பட்டதாரிகள் என்று போற்றப்பெறுவோர் இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் விசுவநாத பிள்ளை, மற்றொருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. தாமோதரம் பிள்ளை 1832இல் சிறுப்பிட்டியிற் பிறந்து வட்டுக்கோட்டைச் சாலையிற் பயின்றவர். கிறித்தவச் சூழலில் வளர்ந்தவர். பின்னர்ச் சைவ நெறிக்கு மீண்டார். பட்டம் பெற்றமையால் உயர்ந்த பதவிகள் வந்தன; புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் அமர்ந்தார். அவருடைய கல்விக்குப் புகழ் சேர்த்தவை அப்பதவிகள் அல்ல. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஏடுகள் தொட்டால் உதிரும் நிலையில் கிடப்பதைக் கண்டு அவர் நெஞ்சம் நொந்து எழுதியதைப் பதிப்புரைகளில் இன்றும் காணலாம். தில்லை அறையில் நம்பி கண்ட காட்சியையே பல்கலைக்கழகப் பட்டதாரி ஒருவர் ஆயிரம் ஆண்டு கழித்துக் கண்டார். நம்பி செய்ததையே செய்தார்.

மற்றொருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம், இராமநாதனின் இளவல். 1853இல் கொழும்பிற் பிறந்து, கேம்பிரிட்சிற் பயின்று, 1875இல் திறந்த போட்டித் தேர்வின் வழியே இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர். தேர்வு என்று வந்தால் அக்காலத்தில் அதனினும் கடியதொன்றில்லை. அத்தேர்வை வென்றவர் திருவாசகத்தை நெஞ்சில் தாங்கியவர். அதன் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதல் இயக்கம் நடத்தினார். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதையும் கண்டார். 1924இல் தென்னாட்டுத் தலயாத்திரைக்கு வந்த இடத்தில் மதுரையில் உயிர் நீத்தார். கேம்பிரிட்சில் தொடங்கிய கல்விப் பயணம் ஆலவாயில் நிறைவெய்திற்று.

இவ்விருவரும் வென்றவர்கள். வென்றவர்களை மட்டும் காட்டி, “பாருங்கள், பக்தி செய்தார்கள், வென்றார்கள்” என்று முடித்தால், முன்பு செய்த பிழையையே அடியேன் மீண்டும் செய்தவனாவேன். ஆதலால் தோற்ற ஒருவரையும் காட்டக் கடமைப்பட்டுள்ளேன்.

தேர்வில் தோற்ற பக்தர்

கணித மேதை சீனிவாச இராமானுசன் 1887இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். வைணவ மரபினர். நாமக்கல் நாமகிரித் தாயாரிடத்து அவர் குடும்பத்தார் கொண்டிருந்த பக்தி உலகறிந்தது. தம் கணித உண்மைகள் தாயாரின் அருளால் விளங்கியவை என்றே அவர் சொல்லி வந்தார். இத்தகைய பக்தர் தேர்வில் என்ன ஆனார்? 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே உள்ளம் தோய்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்று எஃப். ஏ. தேர்வு எழுதினார், தவறினார். 1907இல் மீண்டும் எழுதினார், மீண்டும் தவறினார்.

நாமகிரித் தாயார் அவரைக் கைவிட்டார் என்று யாரேனும் சொல்வாரா? தாள் வாங்கப் பணமில்லாமல் கற்பலகையில் கணக்கெழுதி, முழங்கையால் அழித்து அழித்து எழுதினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913இல் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். 1914இல் கடல் கடந்தார். 1918இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். எஃப். ஏ. தேர்வில் தவறியவரின் குறிப்பேடுகளை உலகத்துக் கணிதப் பேராசிரியர்கள் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கின்றனர்.

இதிலிருந்து, “தேர்வில் தவறினாலும் பெரியவராகலாம்” என்று பிள்ளைகள் சோம்பிவிடலாகாது. இராமானுசனின் உழைப்பு நம்மால் நினைத்தற்கும் அரியது. இங்கே கொள்ளத்தக்கது ஒன்று. தேர்வு முடிவு திருவருளின் அளவுகோல் அன்று. ஏனைய பாடங்களைப் படிக்காமல் விட்டவர் அவற்றில் தவறினார்; அது வினையும் பயனும். அத்தோல்வியில் அவர் பக்தியும் உழைப்பும் முறியாமல் நின்றன; அதனை அருள் என்று கொள்ளலாம்.

வென்றவனுக்கும் ஓர் எச்சரிக்கை

தோற்றவனுக்கு ஆறுதல் சொன்ன வரலாறு வென்றவனுக்கு ஓர் எச்சரிக்கையும் வைத்திருக்கின்றது. ஆகமங்கள் அனைத்தும் கற்றமையாற் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற பெரியவர், திருவெண்ணெய்நல்லூரில் இளம்பிள்ளையாகிய மெய்கண்டார் பாடஞ் சொல்வதைக் கேள்வியுற்றுச் சென்றார். “ஆணவமலத்தின் இயல்பு யாது?” என்று நின்றபடியே வினவினார். மெய்கண்டார் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வினவியவரை அடி முதல் முடி வரை ஒரு முறை நோக்கினார். “இதோ நிற்கின்றாயே, இதுவே” என்பது அந்நோக்கின் பொருள். உணர்ந்த பண்டிதர் அக்கணமே திருவடியில் வீழ்ந்தார். அருணந்தி சிவாசாரியாராய் எழுந்தார். சிவஞான சித்தியார் நமக்குக் கிடைத்தது.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய பிள்ளையைப் பெற்றோர் கோயிலுக்கு அழைத்து வரவேண்டியது இதற்காகவே. தவறிய பிள்ளையைக் காட்டிலும் அப்பிள்ளைக்கே வழிபாடு மிகுதியும் வேண்டப்படுவது. வாங்கிய மதிப்பெண் தன்னை மறைக்கும் திரையாகிவிடலாகாதே!

கற்பதே வேள்வி

இனி நம் சாத்திரம் கூறுவதைக் காண்போம். ஞானநூலை ஓதல், ஓதுவித்தல், கேட்டல், கேட்பித்தல், சிந்தித்தல் ஆகிய ஐந்தையும் ஞான வேள்வி என்று சிவஞான சித்தியார் வகுக்கின்றது. பெருமானைப் பூசிக்கும் பூசைகளுள் இதனை உயர்ந்ததாக வைக்கின்றது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று நான்கு படிகளையும் நம் ஆசிரியர் சொல்வர். அவை மெய்ந்நூலைக் குறித்துச் சொல்லப்பட்டவை எனினும், எந்தக் கல்விக்கும் பொருந்தும். விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்பது கேட்டல். அறைக்கு வந்து கேட்டதை மனத்தில் உருட்டிப் பார்ப்பது சிந்தித்தல். ஐயம் நீங்கிப் பிறருக்கு எடுத்துச் சொல்ல வல்லவனாவது தெளிதல். கற்ற பொருளில் உள்ளம் அசையாமல் நிற்பது நிட்டை. தேர்வுக்கு முந்திய இரவில் விடைகளை மனப்பாடஞ் செய்பவன் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றான்.

இக்காலத்தில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணாக்கரின் சமய உணர்வையும் மதிப்பெண்ணையும் வினாத்தாள் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். சில ஆய்வுகள் சிறிதளவு தொடர்பு உண்டென்கின்றன, சில இல்லையென்கின்றன. தொடர்பு கண்ட இடத்திலும் அது வழிபாட்டால் வந்ததா, வழிபடும் குடும்பத்தின் ஒழுங்கால் வந்ததா என்று பிரித்தறிதல் எளிதன்று. இதனால் நாம் வருந்த வேண்டியதில்லை. மதிப்பெண்ணை உயர்த்தும் கருவியாகப் பெருமானை நிறுத்துப் பார்ப்பது நம் நெறியும் அன்று.

வழிபாடு மாணாக்கனுக்குத் தருவதை அடியேன் கண்ட அளவிற் சொல்வேன். வைகறையில் எழுந்து நீராடித் திருநீறு அணிபவனுக்கு நாளின் முதல் ஒரு நாழிகை கையில் இருக்கின்றது. ஐந்தெழுத்தை எண்ணி இருபது நிமிடம் ஓரிடத்தில் அமரப் பழகியவனுக்கு நூலின் முன் அமர்வது பெரும்பாடாகத் தோன்றாது. தன்னிலும் பெரிய ஒன்றின்முன் நாள்தோறும் தலை வணங்குபவன், தெரியாததை ஆசிரியரிடம் “தெரியவில்லை” என்று சொல்ல நாணான். தோல்வி வந்தபோது அழுவதற்கு அவனுக்கு ஓர் இடம் உண்டு. ஆதலால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்திற்கு ஆளாகும் முன் அங்கே வந்து நிற்பான். தேர்வு முடிவு வரும் நாள்களில் செய்தித்தாளைத் திறக்கவே அஞ்சும் நிலை வந்துவிட்டது அன்பர்களே! அதனாலேயே இதனை அழுத்திச் சொல்கின்றேன். “பெருமான் உனக்கு வெற்றி தருவார்” என்று மட்டும் சொல்லி ஒரு பிள்ளையை வளர்த்தால், தோற்ற அன்று அப்பிள்ளைக்குப் பெருமானும் இல்லாமற் போய்விடுகின்றார். “வென்றாலும் தோற்றாலும் பெருமான் உன்னோடு இருப்பார்” என்று சொல்லி வளர்த்தால், அன்றும் அவர் இருப்பார்.

ஓடத்தில் ஏறிய பின் பாடிய பதிகம்

நிறைவாக ஒரு வரலாறு. கீழை இலங்கையின் காரைதீவில் 1892இல் மயில்வாகனம் என்னும் பிள்ளை பிறந்தார். அறிவியல் கற்று ஆசிரியரானார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியல் இளவர் தேர்விலும் தேறினார். அதன்பின் துறவு நெறி பூண்டு விபுலாநந்த அடிகள் ஆனார். 1931 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தார். வழக்கொழிந்த யாழையும் பண்ணையும் மீட்டெடுக்க எண்ணி ஆண்டுகள் பல உழைத்து ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலை ஆக்கினார். இலண்டன் பட்டத்திற்குக் கற்ற பௌதிகமும் கணிதமும் அந்நூலில் நரம்பின் அளவுகளைக் கணிக்க உதவின. அதில் தேவாரவியல் என ஓர் இயலே உண்டு. எருக்கத்தம்புலியூர்ப் பெண்மணியைக் கொண்டு நம்பி காத்த பண்களை, அறிவியல் கற்ற துறவி ஒருவர் மீண்டும் காக்க முயன்றார்.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் பதிப்பித்த அந்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அரங்கேறியது. அரங்கேறிய இடம் பல்கலைக்கழக மண்டபம் அன்று, திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயில். அடுத்த திங்களில் அடிகள் இறைவனடி சேர்ந்தார். கற்ற கல்வி அனைத்தையும் கூத்தன் திருவடியில் வைத்துவிட்டுச் சென்றார் என்றே சொல்லவேண்டும்.

திருக்கொள்ளம்பூதூர் எத்தகைய தலம்? ஆற்றில் வெள்ளம் பெருகி, ஓடக்காரர் ஓடத்தை விட்டுச் சென்ற வேளையில் திருஞானசம்பந்தர் அங்கே எழுந்தருளினார். வெள்ளம் வடியட்டும் என்று கரையில் அமர்ந்து பதிகம் பாடினாரல்லர். ஓடத்தின் கட்டைத் தாமே அவிழ்ப்பித்தார், அடியார்களோடு ஏறினார், ஏறிய பின்னரே பாடினார். அவர் நாவே ஓடக்கோலாயிற்று. ஓடம் அக்கரை சேர்ந்தது. கரையில் நிற்பவனுக்கு ஓடக்கோல் எதற்கு? மாணாக்கச் செல்வங்களே! நூலைத் திறப்பது ஓடத்தில் ஏறுவது. வழிபாடு கையிற் பிடித்த கோல்.

முன்னர்ச் சொன்ன பிள்ளைக்கு வருகின்றேன். அவனை அமர்த்தி அந்த 48 நாளும் எவ்வாறு கழிந்தன என்று கேட்டேன். காலையும் மாலையும் வலம் வந்து களைத்துப் போயிருக்கின்றான். அஞ்சிய அவ்விரு பாடங்களின் நூல்களை அந்நாள்களில் திறக்கவே இல்லை. “பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள்தானே ஐயா சொன்னீர்கள்” என்றான். பிழை அவனுடையது அன்று, பிள்ளையாருடையதும் அன்று, மேடையில் இருந்து பேசிய அடியேனுடையது. அதனை அவனிடமும் அவன் தாயாரிடமும் ஒப்புக்கொண்டேன். “தம்பி, இனி மூன்று முறை வலம் வந்தால் போதும். மிகுந்த நேரத்தில் இம்மண்டபத்திலேயே அமர்ந்து அவ்விரு நூல்களையும் திற. தெரியாத இடத்தை உன் ஆசிரியரிடம் கேள். அதுவே உனக்கு அருச்சனை” என்றேன். அடுத்த முறை ஒன்றில் தேறினான். அதற்கடுத்த முறை மற்றொன்றிலும் தேறினான். மதிப்பெண் ஒன்றும் பெரிதன்று. முதல் முறை தேறாத அன்றும் நெற்றியில் நீறோடு வந்து அவன் கோயிலில் நின்றான் என்று அத்தாயார் சொன்னபோதுதான் அடியேன் நெஞ்சிற் கிடந்த முள் நீங்கிற்று.

பெற்றோர்களே! தேர்வுச் சீட்டைப் பெருமான் திருவடியில் வையுங்கள், தவறில்லை. தேர்வு முடிவு வந்த அன்றும், அது எதுவாயினும், பிள்ளையைக் கைப்பிடித்து அதே திருவடிக்கு அழைத்து வாருங்கள். தூக்கிய திருவடியின் கீழ்த் தேறியவனுக்கும் இடம் உண்டு. தவறியவனுக்கும் இடம் உண்டு.

திருச்சிற்றம்பலம்.